குளிரில் நடுங்கிக்கொண்டே செர்ரிப்பூ பார்த்த கதை (வாஷிங்டன் டிசி)

நடைராஜா:

போன சனிக்கிழமை நியூ ஜெர்சியிலிருந்து நாலு பேர் ஒரே காரில் வாஷிங்டன் போய்ச் செர்ரிப்பூ பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பினோம். ஒவ்வொரு மார்ச்சிலும் "எப்போ போகலாம், வண்டியை எங்கே விடலாம்" என்று இங்கே யாராவது கேட்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன். போனது பூவுக்காகத்தான். ஆனால் திரும்பி வரும்போது காரில் பேசியதெல்லாம் சிலைகளைப் பற்றி.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நான், என் பழைய அறைத்தோழன், இன்னொரு நண்பன், அவன் மனைவி. அந்த இன்னொருவனைக் கேமராக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 39 டிகிரி ஃபாரன்ஹீட், அதோடு காற்று என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். "வசந்தம் வந்தாச்சு, என்ன குளிர்ந்துவிடும்" என்று மெல்லிய ஜாக்கெட்டோடு வந்தவன், பத்து மணிக்கெல்லாம் மனைவியின் பூப்போட்ட சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டான். அந்தக் கோலத்தில் அவனை நாங்கள் எடுத்த படங்கள்தான் அன்றைய சிறந்த படங்கள்.

நகருக்குள் காரைக் கொண்டுபோகவில்லை. நியூ கரோல்டன் மெட்ரோ நிலையத்தில் விட்டுவிட்டு ஆரஞ்சு வண்டியைப் பிடித்தால் மாறாமல் கொள்ளாமல் ஸ்மித்சோனியன் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து செர்ரி மரங்கள் சூழ்ந்த டைடல் பேசின் குளம் கால் மணி நடை.

முதல் பார்வையில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். படங்களில் பார்த்த ரோஜா நிறம் இல்லை, ஏறக்குறைய வெள்ளை. மேகமூட்டத்துக்கும் பூவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு மரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மரம் கன்னங்கரேல் என்று, ஈரத்தில் இன்னும் கறுத்து, முண்டும் முடிச்சுமாகக் கிடக்கிறது. இலை ஒன்றுகூட இல்லை. அடிமரத்தின் பட்டையைக் கிழித்துக்கொண்டு, காம்பு கிளை எதுவும் இல்லாத இடத்திலேயே நாலு பூ ஒரு கொத்தாக வந்திருக்கிறது. ஐந்து இதழ், நடுவில் மட்டும் ஒரு துளி சிவப்பு. காற்று அடித்தபோது எல்லாம் ஆடின, ஒன்றும் உதிரவில்லை.

குளத்தை வலமாகவே சுற்றினோம். கிழக்குக் கரை வழியாக ஜெஃபர்சன் மண்டபம், பிறகு ரூஸ்வெல்ட், பிறகு மார்ட்டின் லூதர் கிங், அங்கிருந்து சாலையைக் கடந்து லிங்கன். ஜெஃபர்சன் மண்டபத்துக்குள் நாங்கள் போனதே காற்றுக்கு ஒதுங்கத்தான். உண்மையைச் சொல்வதில் என்ன. நாலு பக்கமும் திறந்த மண்டபம், ஆனால் தூணுக்குப் பின்னால் நின்றால் காற்று படாது. அங்கே ஒதுங்கிய கூட்டத்தில் பாதிப் பேர் நம்மைப் போல. 19 அடி வெண்கலச் சிலை. 1943ல் மண்டபத்தைத் திறந்தபோது போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் முதலில் சுண்ணச் சாந்தில்தான் சிலை வைத்தார்களாம், வெண்கலம் வந்தது 1947ல்.

சுவரில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் "எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர்" என்ற வரி. எழுதிய மனிதர் தன் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். இது தெரிந்த விஷயம்தான், புதிதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து கிங் சிலைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. முப்பது அடிப் பாறை. அதிலிருந்து மனிதர் பாதிதான் வெளியே வந்திருக்கிறார், கால்கள் இன்னும் கல்லுக்குள். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதிரே தண்ணீர், பூ, அக்கரையில் ஜெஃபர்சன் மண்டபம். லிங்கன் மண்டபத்தையும் ஜெஃபர்சன் மண்டபத்தையும் இணைக்கும் கோட்டில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஒருவர் எழுதிவைத்தார், ஒருவர் அதற்காகப் போர் நடத்தினார், ஒருவர் வந்து "எங்கே அது" என்று கேட்டார். யாரும் எதுவும் விளக்கவில்லை. நிற்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேமராக்காரன்கூட இரண்டு நிமிடம் படம் எடுக்காமல் நின்றான்.

அப்புறம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். கையுறையோடு சாப்பிட முடியாது, கழற்றினால் விரல் விறைக்கிறது. சோறு கல்லாகிவிட்டது.  இருந்தாலும் ஒரு பருக்கை மிச்சமில்லை.

குளிர் நாளில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக. கூட்டம் குறைவு, நின்று பார்க்கலாம். மற்றவர்கள் அனுபவம் எப்படி?

சந்தேகத்திலகம்:

நல்ல எழுத்து, ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்தச் செர்ரிப்பூவுக்கு ஆகும் ஆர்ப்பாட்டம் அதிகம். 2024ல் மார்ச் கடைசி வாரம் என்று கணித்ததை நம்பி முன்கூட்டியே அறை எடுத்தேன். ஒரு விடுதியில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வாடகை. பூவோ மார்ச் 17க்கே உச்சத்துக்கு வந்துவிட்டது. நான் போனபோது மரத்தில் பச்சை இலை, தண்ணீரில் மிதக்கும் பழுப்பு இதழ். விடுதிக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை, "பூவுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

நீங்கள் இருப்பதே நியூ ஜெர்சி. நியூவர்க் பிராஞ்ச் புரூக் பூங்காவில் டிசியைவிட அதிக செர்ரி மரங்கள் இருக்கின்றன. நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை.

மேரிலாந்து மாமி:

இருபது வருஷமாக இங்கேயே இருக்கிறேன், வருஷா வருஷம் போகிறேன். அதனால் கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீக் ப்ளூம், அதாவது பூ உச்சம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டைடல் பேசினைச் சுற்றியுள்ள யோஷினோ வகை (அந்த வெள்ளைப் பூ) மரங்களில் 70 சதவீதம் பூ விரிந்த நாள்தான் அது. அதற்கு முன்னால் பச்சை மொட்டு, பூக்காம்பு நீளுவது, வெள்ளையாக உப்பி நிற்பது என்று ஒவ்வொரு கட்டமாகப் பூங்காக்காரர்கள் அறிவிப்பார்கள். வெள்ளை உப்பல் வந்துவிட்டது என்றால் நாலைந்து நாளில் பூ. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாதக் கணக்கில் முன்னாடியே அறை எடுத்தால் திலகம் கதிதான். பதிவான வரையில் மிகச் சீக்கிரம் பூத்தது 1990 மார்ச் 15. மிகத் தாமதம் 1958 ஏப்ரல் 18. ஒரு மாதத்துக்கும் மேல் இழுபறி! நம் வீட்டுக் கல்யாண முகூர்த்தம்கூட இவ்வளவு ஆடாது.

//காற்று அடித்தபோது எல்லாம் ஆடின, ஒன்றும் உதிரவில்லை//

இதற்குக் காரணம் நீங்கள் போன நேரம். புதுசாக விரிந்த பூ கெட்டியாக நிற்கும். ஒரு வாரம் போனபின் இதே காற்று அடித்தால் மழை மாதிரி கொட்டும். குளிர்ச்சியாகவும் காற்றில்லாமலும் இருந்தால் பூ கூடுதல் நாள் நிற்கும், வெயில் ஏறினால் நாலு நாளில் முடிந்தது. அதனால் குளிரைத் திட்டாதீர்கள். ஆனால் அளவு மீறினாலும் ஆபத்து. 2017 மார்ச் நடுவில் மொட்டு விரியும் நேரம் பார்த்து உறைபனி வந்து யோஷினோ பூவில் ஏறக்குறைய பாதி கருகிப் போனது. அந்த வருஷம் நானும் போனேன். துவைத்து நிறம் போன துணி மாதிரி இருந்தது.

நடைராஜா, அந்த இரண்டு மரத்தைப் பார்த்தீர்களா?

நடைராஜா:

எந்த இரண்டு மரம் மாமி?

மேரிலாந்து மாமி:

சரியாப் போச்சு. வடகரையில், பழைய ஜப்பானியக் கல்விளக்குக்குப் பக்கத்தில். 1912 மார்ச் 27 அன்று அதிபரின் மனைவி ஹெலன் டாஃப்டும் ஜப்பானியத் தூதரின் மனைவி சிண்டா சீமாட்டியும் நட்ட முதல் இரண்டு மரங்கள். நீங்கள் கிழக்கிலிருந்து தொடங்கி மேற்கோடு லிங்கன் பக்கம் வெட்டிப் போய்விட்டதால் வடகரை விட்டுப்போயிற்று. கிங் சிலையிலிருந்து இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் வந்திருக்கும். குளத்தை முழுசாகச் சுற்றினாலே இரண்டு மைல் சொச்சம்தான்.

கல்வெட்டுக்காரன்:

மாமி சொன்ன 1912க்கு முன்னால் ஒரு 1910 இருக்கிறது. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதலில் ஜப்பானிலிருந்து வந்தவை 2,000 மரங்கள். 1910 ஜனவரியில் வந்து சேர்ந்தன. விவசாயத் துறை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தால் பூச்சி, வேர்ப்புழு, நோய். அதிபர் டாஃப்டின் ஒப்புதலோடு அத்தனையையும் கொளுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு நாடு அன்பளிப்பாக அனுப்பியதைக் குவித்து வைத்து எரிப்பது. ராஜதந்திரச் சிக்கலாக வெடித்திருக்கலாம். டோக்கியோ மேயர் யூகியோ ஒசாகி கோபித்துக்கொள்ளாமல் மறுபடி அனுப்ப ஏற்பாடு செய்தார். இந்த முறை பன்னிரண்டு வகையில் 3,020 கன்றுகள்.

இதற்கெல்லாம் விதை போட்டவர் எலைசா சிட்மோர் என்ற பெண். ஜப்பான் போய் வந்து, 1885ல் முதல் தடவை அதிகாரிகளிடம் "பொடோமேக் ஆற்றங்கரையில் செர்ரி நடுங்கள்" என்று கேட்டார். யாரும் காது கொடுக்கவில்லை. இருபத்து நாலு வருஷம் விடாமல் ஆள் மாற மாறக் கேட்டு, கடைசியில் 1909ல் ஹெலன் டாஃப்டுக்குக் கடிதம் எழுதினார், அது பலித்தது. செலவை ஏற்க முன்வந்தவர்களில் ஒருவர் ஜோகிச்சி தகமினே, அட்ரினலினைப் பிரித்தெடுத்த வேதியியலாளர்.

1941 டிசம்பரில் பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சில நாளில் யாரோ நாலு மரங்களை வெட்டிப் போட்டார்கள். போர் முடியும்வரை "ஜப்பானிய" என்ற சொல்லையே விட்டுவிட்டு "கிழக்கத்திய செர்ரி" என்று சொன்னார்களாம். மரத்துக்குப் பெயர் மாற்றி என்ன பயன், அது பாட்டுக்குப் பூக்கிறது. போருக்குப் பிறகு டோக்கியோவில் மூலத் தோப்பே நலிந்து கிடந்தபோது, 1952ல் இங்கிருந்து ஒட்டுக்குச்சிகள் அங்கே போயின. பேரன் வீட்டிலிருந்து தாத்தா வீட்டுக்கு விதைநெல் போன மாதிரி.

பாலாடை:

கல்வெட்டு அண்ணே, ஜெஃபர்சன் மண்டபம் கட்ட மரத்தை வெட்டப் போனபோது பெண்கள் சங்கிலியால் கட்டிக்கொண்டதை விட்டுட்டீங்களே. 1938.

கல்வெட்டுக்காரன்:

ஆமாம் தம்பி, விட்டுப்போச்சு. எதிர்த்துப் பார்த்தார்கள், ஆனாலும் மண்டபம் எழும்பியது. இன்றைக்கு மண்டபம் இல்லாமல் பூவைப் படம் எடுப்பவர் யார்?

மேரிலாந்து மாமி:

மரம் வெட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. கரைச்சுவர் தாழ்ந்து, தண்ணீர் ஏற்றத்தின்போது நடைபாதைமேல் வந்து மர வேரையே ஊறவைத்துக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானே நடந்திருக்கிறேன். சுவரைப் புதுசாகக் கட்டுவதற்காக 2024ல் நூற்றுக்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை எடுத்தார்கள். அதில் ஸ்டம்பியும் ஒன்று. உள்ளே பொந்து விழுந்து, தலையில் நாலு குச்சி மட்டும் மிஞ்சிய மரம். அந்த நாலு குச்சியிலும் வருஷா வருஷம் பூத்தது. கடைசி வசந்தத்தில் அதைப் பார்க்கவே வரிசை. சிலர் பூங்கொத்து வைத்துவிட்டுப் போனார்கள், பூமரத்துக்கே பூ! குச்சிகளை எடுத்துப் பதியன் போட நேஷனல் ஆர்போரேட்டம் என்ற அரசு மரத்தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அமெரிக்கச் சுதந்திரத்தின் 250ஆம் ஆண்டுக்கு ஜப்பானும் 250 மரங்கள் தருவதாகச் சொன்னது.

1999ல் பீவர்கள் வந்து சில மரங்களைக் கடித்துச் சாய்த்ததும் உண்டு. அது தனிக் கூத்து.

முட்டிவலி மோகனா:

அடுத்த வாரம் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அப்பா நடப்பார். அம்மாவுக்கு மூட்டு வலி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உட்கார வேண்டும். லிங்கன் படிகளைப் படத்தில் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அப்புறம், கழிவறை வசதி எப்படி? இதைக் கேட்க வெட்கப்படவில்லை, எங்கள் வீட்டில் பயணத் திட்டமே அதை வைத்துத்தான்.

நடைராஜா:

மோகனா, குளத்தை முழுக்கச் சுற்ற வேண்டாம். ரூஸ்வெல்ட் நினைவிடத்திலிருந்து கிங் சிலைவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூவும் அங்கேயே நிறைய, பாதையும் சமதளம். ரூஸ்வெல்ட் நினைவிடம் கட்டடமே இல்லை, நாலு பெரிய திறந்தவெளி அறைகள் மாதிரி, கல்சுவரும் அருவியுமாக. கழிவறையும் அங்கே உண்டு. ஜெஃபர்சன், லிங்கன் இரண்டிலும் லிஃப்ட் இருக்கிறது. ஓடுகிறதா என்று அன்றைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு ரூஸ்வெல்ட் இன்னொரு வகையிலும் பிடிக்கலாம். நினைவிடம் 1997ல் திறந்தபோது அவர் போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்ததை வெளிப்படையாகக் காட்டவில்லை. பெரிய சிலையில் மேலங்கி போர்த்தி நாற்காலியை மறைத்திருப்பார்கள், பின்னால் போய்க் குனிந்து பார்த்தால்தான் குட்டிச் சக்கரம் தெரியும். மாற்றுத்திறனாளிகள் போராடிய பிறகு 2001ல் நுழைவாயிலில் சக்கர நாற்காலியில் அமர்ந்த சிலையை வைத்தார்கள். மேடை இல்லை, தரையோடு தரையாக. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் அதன் பக்கத்தில் அதே உயரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். நின்று என்று எழுதிவிட்டேன், உட்கார்ந்து.

ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஐந்து ஆட்களின் சிலையும் அங்கே உண்டு, முப்பதுகளின் பஞ்சகாலம். கேமராக்காரன் ஆறாவது ஆளாகப் போய் நின்றான். சால்வையும் அவன் மூஞ்சியும் அப்படியே பொருந்திவிட்டன.

சந்தேகத்திலகம்:

லிங்கன் மண்டபத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. அதுதான் ஊரிலேயே பெரிய தலை.

நடைராஜா:

அங்கே போய்ச் சேரும்போது எங்களுக்குச் சக்தி தீர்ந்துவிட்டது, அதுதான் உண்மை. படியேறி, உள்ளே போய், நாற்காலியில் இருக்கும் அந்தப் பெரிய கைகளைப் பார்த்தோம். ஒரு கை இறுகி மூடியிருக்கிறது, ஒரு கை தளர்ந்திருக்கிறது. கூட்டம் அங்கேதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் பட்டாளம் பட்டாளமாக.

ஆனால் ஒரு வேடிக்கை சொல்கிறேன். வடசுவரில் இரண்டாவது பதவியேற்பு உரையைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் "ஃபியூச்சர்" என்ற சொல்லில் முதல் எழுத்துக்கு ஒரு கோடு கூடுதலாக வெட்டி, எஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஈ ஆகிவிட்டது. பிறகு அந்தக் கோட்டை மட்டும் அடைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தெரியும். என் அறைத்தோழன்தான் கண்டுபிடித்துக் காட்டினான்.

கல்வெட்டுக்காரன்:

கல்லிலேயே எழுத்துப் பிழை! நம் குழுமத்தில் ஒரு ஒற்றுப் பிழைக்கு மூன்று பக்கம் சண்டை போடுகிறவர்கள் கவனிக்கவும்.

வெளித் தூண்கள் 36. லிங்கன் இறந்தபோது இருந்த மாநிலங்களின் எண்ணிக்கை. 1922ல் திறப்பதற்குள் மாநிலங்கள் 48 ஆகிவிட்டதால் அந்த 48 பெயர்களையும் இன்னும் மேலே செதுக்கிச் சமாளித்தார்கள்.

பாலாடை:

கொரியப் போர் நினைவிடம் போனீங்களா? எனக்கு அங்கே அதுதான் ரொம்பப் பிடிச்சது.

நடைராஜா:

போனோம். அதைத் தனியாக எழுத நினைத்து விட்டுவிட்டேன்.

லிங்கனுக்குப் பக்கத்தில்தான். ஆளைவிடப் பெரிய 19 எஃகுச் சிலைகள், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு புதர்களுக்கு நடுவே பரவி நடக்கிறார்கள். பக்கத்துக் கருங்கல் சுவரில் பிரதிபலிக்கும்போது 38 ஆகிறது. வெயில் நாளில் பார்த்தால் எப்படியோ தெரியாது. அன்றைக்கு லேசாகத் தூறல் வந்து, கோட்டு மடிப்புகளில் நிஜமாகவே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறார்கள், ஒருவன் மட்டும் தோளுக்கு மேல் திரும்பி நம்மைப் பார்க்கிற மாதிரி. கொரியாவில் அந்தக் குளிர்காலத்தில் உறைபனியில் விரல் போனவர்கள் எத்தனையோ பேர். நாங்கள் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றோம். காலையிலிருந்து குளிர் குளிர் என்று புலம்பியவன் அங்கிருந்து மெட்ரோவரை புலம்பவில்லை.

சந்தேகத்திலகம்:

சரி, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதிதான். பூவுக்கு ஆர்ப்பாட்டம் அதிகம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் நான் 2024ல் இதழ் போச்சே என்று காரைத் திருப்பிக்கொண்டு வந்ததற்குப் பதில் இறங்கி நடந்திருக்கலாம்.

மேரிலாந்து மாமி:

திலகம், இன்னும் காலம் போகவில்லை. யோஷினோ முடிந்து இரண்டு வாரம் கழித்து கன்சான் என்ற செர்ரி வகை பூக்கும். அது அடுக்குப்பூ, நல்ல ரோஜா நிறம். நடைராஜா தேடின நிறம் அதுதான். ஹெய்ன்ஸ் பாயிண்ட் பக்கம் நிறைய உண்டு. கூட்டமும் பாதியாகிவிடும்.

மோகனா, கிளையைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். பூப்பறித்தால் அபராதம். என் மாமனார் சாமிக்கு என்று இரண்டு பறித்துவிட்டு, காவலர் வரும்போது சட்டைப் பையை மூடிக்கொண்டு நின்ற நிலை இருக்கிறதே.

முட்டிவலி மோகனா:

எங்கப்பா நாலு பறிப்பார் மாமி. பையில்லாத சட்டையாகப் போட்டு அழைத்துக்கொண்டு போகிறேன்.

நடைராஜா:

கன்சானுக்கு நான் மறுபடியும் போகிறேன், அந்த இரண்டு மரத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும். காரில் ஒரு இடம் காலி. கேமராக்காரன் வரமாட்டானாம், இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறான். திலகம், வருகிறீர்களா? கிளம்புவது நாலு மணிக்கு, சாப்பாடு இந்தத் தடவை சப்பாத்தி.

சந்தேகத்திலகம்:

நாலு மணியா? ஐந்து என்றால் யோசிக்கலாம்.